தனுஷ்கோடி இரயிலடி: நம் முன்னோர் பணிபுரிந்த கடற்கரை

தென்னிந்திய இரயில்வே கம்பெனி தன் இருப்புப்பாதையைப் பாம்பன் கடலைத் தாண்டிக் கொண்டுபோனது இலங்கைக்காகத்தான். அதற்குமுன் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை இரயிலில் வந்து, அங்கிருந்து ஓர் இரவு முழுதும் கப்பலில் அலைக்கழிந்தார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். அந்தக் குறுக்குவழிக்காகவே மணல்திட்டின் நுனியில் ஒரு நிலையம் எழுந்தது.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் கடற்பாலம் அது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல்களுக்கு வழிவிட நடுவில் அமைந்த ஷெர்சர் தூக்குப் பகுதியை மின்விசை கொண்டு திறக்கவில்லை. இருபுறமும் தொழிலாளர்கள் நின்று நெம்புகோல்களைக் கையால் சுற்றினார்கள். பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடித் துறைக்கு. நீராவிக் கப்பல்களின் அருகிலேயே வண்டி வந்து நின்றது. எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்புக் கோட்டை வரை போகலாம். வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் போட் மெயில். கர்சன், எல்ஜின், ஹார்டிங்கே ஆகிய கப்பல்கள் முதலில் ஓடின. பின்னாளில் இர்வினும் கோஷனும் வந்தன.

இருபதுகளிலும் முப்பதுகளிலும் இந்த வழியே போனவர்களில் பெருந்தொகையினர் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய்ச் சோதனை முடித்த பிறகே அவர்களை வண்டியேற்றினார்கள். முதல் வகுப்புப் பயணிகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். சட்டிபானையும் கைக்குழந்தையுமாக மூன்றாம் வகுப்பில் வந்த இந்தக் குடும்பங்களுக்கும் தனுஷ்கோடிதான் தாய்மண்ணின் கடைசி நிலையம். அவர்களை ஏற்றி இறக்கியவர்கள் நம் முன்னோர் என்பதை இம்மலரில் பதிவு செய்வது கடமை.

அங்கே வேலை எளிதாக இருக்கவில்லை. இருபுறமும் கடல், காற்று திரும்பினால் மணல் வந்து தண்டவாளத்தை மூடும். கேங்மேன்கள் அள்ளிப்போட்ட மணலே மறுநாள் மீண்டும் வந்து கிடக்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருந்தது. ஆனாலும் நிலையத்தைச் சுற்றி ஓர் ஊர் வளர்ந்தது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் வந்தன. 1951இல் தெற்கு இரயில்வே உருவானபோது இந்த நிலையமும் அதன் பொறுப்பில் வந்தது.

1964 டிசம்பர் 22ஆம் நாள். பாம்பனிலிருந்து இரவு 11.55க்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் கிடைக்காமல் நின்றது. ஓட்டுநர் நீண்ட நேரம் ஊதிப்பார்த்துவிட்டு, இருட்டில் வண்டியை மெல்ல நகர்த்தினார் என்று நம் மூத்தவர்கள் சொல்வார்கள். புயல் எழுப்பிய பேரலை ஆறு பெட்டிகளையும் அடித்துச் சென்றது. ஊழியர் ஐவர் உட்பட ஏறத்தாழ 115 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பொழுது விடிந்தபோது நிலையமும் ஊரும் நீருக்கடியில் கிடந்தன. பணியிலிருந்தபடியே உயிர்நீத்த அத்தனை பேருக்கும் இம்மலர் தலைவணங்குகிறது.

பாம்பன் பாலத்தின் கண்களில் நூற்றுக்கு மேற்பட்டவை கடலில் விழுந்தன. தூக்குப் பகுதி மட்டும் தாங்கி நின்றது. சீரமைப்புக்கு முதலில் ஆறு மாதம் குறித்தார்கள். பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் நம் தொழிலாளர்கள், கடலில் விழுந்த இரும்புத் தூலங்களையே தேடி மீட்டுப் பொருத்தி, 46 நாட்களில் முடித்தார்கள். தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் போடப்படவில்லை. மனிதர் வாழத் தகாத இடமென்று அரசு அறிவித்துவிட்டது.

புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபர் 30இல், தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னர் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்து இறங்கியது இராமேஸ்வரத்தில். அவர்களை வரவேற்கத் தனுஷ்கோடி நிலையம் இல்லை. அந்தக் கப்பலும் 1980களில் இலங்கைப் போரால் நின்றுபோனது.

இன்று தனுஷ்கோடியைத் தாண்டி, தீவின் நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. 2017 முதல் பேருந்திலேயே போகலாம். நிலையத்தில் எஞ்சியவை சில சுவர்களும் தண்ணீர்த் தொட்டியும்தான். அருகே தேவாலயத்தின் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பவளப்பாறைக் கல்லை வெட்டிச் சுண்ணாம்பில் பதித்திருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில், ஒருகாலத்தில் உயிர்கள் குடியிருந்த நுண்துளைகள் வரிவரியாகத் தெரிகின்றன. அவற்றில் விரல்நுனி பட்டால் மணல் கொட்டுகிறது. தண்ணீர்த் தொட்டியின் எதிரே நின்றால் நம்மவர்க்கு விளக்கம் தேவையில்லை. கடல் சூழ்ந்த இடத்தில், எஞ்சினுக்கு உப்பில்லாத தண்ணீர் நிரப்ப என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பது ஃபயர்மேன் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

இராமேஸ்வரம்–தனுஷ்கோடி இருப்புப்பாதையை மீண்டும் அமைக்க 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. தனுஷ்கோடியில் புதிய நிலையம் அமையுமானால், பழைய சுவர்களையும் தண்ணீர்த் தொட்டியையும் இடிக்காமல் வளாகத்துக்குள்ளேயே வைத்துக் காக்க வேண்டும். 653இல் பணியிலிருந்த ஐவரின் பெயர்களையும் அங்கே கல்லில் பொறிக்க வேண்டும். இவ்விரண்டையும் நம் கோரிக்கையாக இம்மலரின் வழியே நிர்வாகத்தின் முன் வைக்கிறோம்.