முடி கொட்டுதா? எண்ணெய்ப் பாட்டிலுக்கு முன்னாடி தோட்டத்து வரலாற்றைப் பாருங்க



கோயில்ல அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்தா, இப்போதெல்லாம் சுத்திச் சுத்தி ஒரே பேச்சுதான்: "முடி கொட்டுது, என்ன செய்யலாம்?" ஒருத்தர் செம்பருத்தி என்பார், இன்னொருத்தர் சின்ன வெங்காயம் என்பார். போனில் விளம்பரம் பார்த்து மூலிகை எண்ணெய்க்குக் காசு கட்டுறவங்களும் உண்டு. எங்கள் தொண்டர் குழுவுக்கும் இதே கேள்வி வந்துகிட்டே இருக்கு. அதனால இந்த வாரப் பதிவு தலைமுடியைப் பற்றி.

பாட்டிமார் என்ன தடவினாங்க என்பது நமக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு. அவங்களுக்கு ஏன் முடி கொட்டுச்சு என்பதை மட்டும் நாம் கேட்கவே இல்லை. நமக்கு இன்றைக்கு உதவப் போறது அந்தக் கேள்விதான்.

முதல்ல நம்ம மலையின் கதை. 1885ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். தேயிலை வந்தது 1929ல். ஜே.ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933ல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டியதிலும், கன்று நட்டதிலும், கொழுந்து கிள்ளியதிலும் தமிழர் கை இருக்கு. கங்காணி, பெரட்டு, லயம், கிராணி என்ற சொற்களோடு, தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமும் நம்மாளுங்களோட மலையேறியது.

ஆனா மலையில தென்னை காய்க்காது. தேங்காய் எண்ணெய் கீழே தாப்பாவிலிருந்து ரோட்டில் ஏறி வரணும். வந்தாலும் சும்மா இருக்காது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சு போகும். நம்ம ஊர்ல ராத்திரி 15 டிகிரி அளவுக்கு இறங்குது. பாட்டிலைக் கவிழ்த்தா எண்ணெய் விழாது. அடுப்பு ஓரத்துல வெச்சுத்தான் உருக்கணும். உருக்குறதோட சேர்த்து கறிவேப்பிலை, வெந்தயம், கரிசலாங்கண்ணி எது கிடைக்குதோ அதைப் போட்டுக் காய்ச்சிடுவாங்க. குளிர்ல சளி பிடிக்கக் கூடாதுன்னு மிளகும் சீரகமும் சேரும். தலை தேய்க்கச் சீயக்காய். ஊர்ல செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, புதனும் சனியும் ஆண்களுக்கு என்று இருந்த எண்ணெய்க் குளியல், தோட்டத்துல லீவு கிடைத்த நாளுக்கு மாறியது.

இந்த எண்ணெய் வேலை செய்யுதா? ஒரு வேலையை நல்லாச் செய்யுது. 2003ல் மும்பையில் ரேலே, மொஹிலே என்ற ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தலை கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். (அவர்கள் எண்ணெய் விற்கும் கம்பெனியின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிடுறோம்.) ஆக, இருக்கிற முடி உடையாம, சிக்கு விழாம இருக்க எண்ணெய் உதவும். வேரோடு உதிரும் முடி வேற விஷயம். அதன் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள்ள இருக்கு.

அங்கேதான் தோட்டத்து வரலாறு தொடங்குது.

மலாயாவுக்கு வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்தவங்க. காலில் செருப்பு கிடையாது, ஒழுங்கான கழிப்பிடம் கிடையாது. கொக்கிப்புழு வெறுங்கால் வழியா உடம்புக்குள் ஏறும், குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். இது அந்தக் காலத்துல எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1915ல் சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர் தலைமையில் ஒரு குழுவையே மலாயா, ஜாவா, பிஜி தீவுகளுக்கு அனுப்பியது. 1917 வரை அவர்கள் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தார்கள். 1916ல் அதே அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களிலும் புழு ஒழிப்பைத் தொடங்கியது. இத்தனை ஏற்பாடும் தொழிலாளியின் ரத்தம் வற்றிப் போனதால்தான். ரத்தம் வற்றினவன் வேலை செய்ய முடியாது என்பது துரைமார் கவலை. ரத்தம் வற்றினவளுக்கு முடியும் உதிரும் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். இருக்கிறதை இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்துவிட்டு, முடிக்கு வெட்டு விழும். லயத்துல பிள்ளைகளுக்கும் ஆம்பளைகளுக்கும் போட்டுட்டு, மிச்சத்தைக் கடைசியா சாப்பிட்டது யார்? பெண்கள். வருஷம் தவறாம பிரசவம் பார்த்ததும் அவங்கதான். அந்தத் தலையில் எத்தனை செம்பருத்தி அரைச்சுத் தேய்ச்சாலும் வேருக்கு ரத்தம் வேணுமே!

பிரசவம் என்றதும் ஒரு பேச்சு ஞாபகம் வருது. "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று நம்ம பெரியவங்க சொல்வாங்க. கேலி பண்ண வேண்டாம், கணக்கு சரிதான். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு, மூன்று மாதத்தில். பிரசவத்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே காலம்தான். 1961ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இந்த உதிர்வுக்குப் பெயர் வைத்து விளக்கினார். பிரசவம், கடும் காய்ச்சல், பெரிய அதிர்ச்சி, பட்டினி என்று ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வெடுத்த முடி இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் விழும். காரணம் சரியாகிவிட்டால், சில மாதத்தில் தானாகவே திரும்ப முளைக்கும்.

இந்த மூன்று மாத இடைவெளிதான் நம்மைத் தலைமுறை தலைமுறையாக் குழப்புது. காய்ச்சல் வந்ததை மறந்திருப்போம். முடி கொட்டுற நேரத்துல போன வாரம் மாத்தின சோப்பைத் திட்டுவோம், இல்லாட்டி கண்ணு பட்டுருச்சு என்போம். பயந்து ஒரு எண்ணெய் வாங்கித் தேய்ப்போம். அதுக்குள்ள முடி தானா முளைக்கிற காலம் வந்திருக்கும். பேரு எண்ணெய்க்குப் போயிடும். இன்றைக்கு விளம்பரத்துல வரும் "முன்னாடி, பின்னாடி" படங்கள்ல பலதுக்கும் இதுவே போதுமான விளக்கம்.

கோயில் சம்பந்தமாவும் ஒண்ணு சொல்லணும். அம்மை, டைபாய்டு, மலேரியா வந்து பிழைச்சவங்க மாரியம்மனுக்கு நேர்ந்துகிட்டு மொட்டை போடுறது தோட்டத்து வழக்கம். காய்ச்சலுக்குப் பிறகு எப்படியும் முடி உதிரும் காலம் அது, பிறகு முளைக்கும் காலமும் அதுதான். "மொட்டை போட்டா முடி அடர்த்தியா வரும்" என்ற நம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். 1928லேயே மில்ட்ரட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர், மழிப்பதால் முடி தடிக்கிறதா, வேகமா வளருதா என்று அளந்து பார்த்து, இல்லை என்று எழுதிவிட்டார். வெட்டின நுனி மொட்டையா இருப்பதால் கைக்குத் தடிப்பாத் தெரியும், அவ்வளவுதான். மொட்டை என்பது அம்மாளுக்கு நாம் சொல்லும் நன்றி. அதை மருந்தாக்கினால் நேர்த்திக்கடனும் சின்னதாகிவிடும்.

வெங்காயத்துக்கும் வருவோம். தலையில் காசு அளவுக்கு வட்டமாக முடி போனால் நாம் அதைப் "புழுவெட்டு" என்போம். உண்மையில் புழு எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் வேரையே தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பது நம்ம வைத்தியம். 2002ல் பாக்தாத் மருத்துவர்கள் இதே புழுவெட்டுக்கு வெங்காயச் சாற்றைச் சோதித்தார்கள். சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. குழாய்த் தண்ணீர் தடவியவர்களில் மிகச் சிலருக்கே முளைத்தது. கேட்க நல்லா இருக்கு. ஆனா மிகச் சின்ன ஆய்வு அது. புழுவெட்டு பலருக்குத் தானாகவும் சரியாகும். தலை முழுக்க முடி மெலியும் பிரச்சினைக்கு இந்த ஆய்வைக் காட்டி வெங்காய எண்ணெய் விற்பது சரியில்லை.

கடைசியா, நம்ம மலைக்கே உரிய ஒரு விஷயம். தேயிலை.

இங்கே குளிருக்கு எப்போதும் சூடா ஒரு தே ஓ வேணும். சாப்பாட்டோடயும் அதுதான், சாப்பிட்டு முடிச்சதும் அதுதான். 1975ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார்கள். அவர்கள் சோதித்த உணவுகளில் சோறும் இருந்தது. தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். கறி, மீனில் இருக்கும் இரும்புக்கு இந்தப் பாதிப்பு குறைவு. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புக்கு அதிகம். கீரையும் பருப்புமாகச் சாப்பிட்டு, மேலே தேநீர் குடித்த நம்ம தோட்டத்துப் பெண்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும், யோசிங்க.

தேயிலையை விடச் சொல்லலீங்க! இந்த மலையில் அதைச் சொல்ல எங்களுக்கும் மனசு வராது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க, போதும். கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று ஏதாவது சேர்த்துக்குங்க. வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் நடக்கிறது, அதுக்குப் பயப்பட வேண்டாம். அதுக்கு மேல போய், களைப்பு, மூச்சு வாங்குதல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என்று இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க. குடிமக்களுக்குச் சாதாரணப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ரத்த அளவையும் தைராய்டையும் பார்க்கணுமான்னு டாக்டரிடம் கேளுங்க. சோதிக்காமல் இரும்பு மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீங்க. தலசீமியா இருப்பவர்களுக்கும் ரத்தம் குறைவாக் காட்டும், அவர்களுக்கு இரும்பு தீங்கு செய்யலாம். தலையில் எரிச்சல், சீழ், தழும்பு இருந்தால் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அங்கே வேர் செத்துப் போனால் திரும்ப முளைக்காது.

ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி மெலிவதும் பெரும்பாலும் பரம்பரை. அதுக்குக் கறிவேப்பிலை பதில் சொல்லாது. 1988ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினாக்சிடில் போன்ற மருந்துகள் பலருக்கு ஓரளவு உதவுது. வேண்டும் என்பவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம். வேண்டாம் என்றால் வழுக்கையோடவே கோயிலுக்கு வாங்க, வடம் பிடிக்கக் கைதான் வேணும்.

எண்ணெய் காய்ச்சுவதை நிறுத்தாதீங்க. மகள் தலையில் அம்மா எண்ணெய் தேய்ப்பதில் மருந்துக்கு மேலான ஒன்று இருக்கு. அது தொடரட்டும். ஆனா வீட்டுல பாட்டி இருந்தா, எண்ணெய்ப் பக்குவம் மட்டும் கேட்டுட்டு எழுந்திரிக்காதீங்க. அப்போ என்ன சாப்பிட்டீங்க, எத்தனை பிரசவம், எப்போ காய்ச்சல்ல படுத்தீங்க, வீட்டுல யார் கடைசியா சாப்பிட்டாங்க என்றும் கேளுங்க. கேட்டதை எழுதி வையுங்க. பிறகு, இன்றைக்கு உங்க வீட்டுல கடைசியா சாப்பிடுறவங்க தட்டுல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.

அம்மாள் எல்லாரையும் நல்லா வெச்சிருக்கட்டும்.