சாம்பிள் பதிவேடும் சம்பளப் பட்டியலும்: நியூயார்க் ஃபேஷன் துறையில் ஊதியமில்லா இன்டர்ன்ஷிப்

ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் இன்டர்னாக இருந்த ஒருவர், அதை வெளியிடும் ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் மீது 2012 பிப்ரவரியில் நியூயார்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். முந்தைய ஆண்டு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சம்பளமே இல்லாமல், சில வாரங்களில் 55 மணி நேரம்வரை தன்னிடம் வேலை வாங்கினார்கள் என்பது அவர் வாதம். ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் இழுத்த அந்த வழக்கு 2017 டிசம்பரில் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. நீதிமன்றங்கள் அதில் எழுப்பிய கேள்வியே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். இந்த ஏற்பாட்டால் அதிகப் பயன் அடைந்தவர் மாணவரா, நிறுவனமா என்று அவை எடைபோட்டுப் பார்த்தன. அந்த இன்டர்ன் வராத நாளில் இதழின் எந்த வேலை நின்றுபோகும் என்று கேட்டிருந்தால் தீர்ப்பு வேறாக அமைந்திருக்கும். அதற்கான சான்றும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. ஃபேஷன் அலுவலகம் ஒவ்வொன்றும் நாள்தோறும் எழுதிவரும் சாம்பிள் பதிவேடுதான் அந்தச் சான்று.

சாம்பிள் பயணப்படும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேடையில் மாடல் அணிந்து வரும் ஆடை, கடைக்கு வரும் ஆடை அன்று. பெரும்பாலும் ஒரே அளவில், ஓரிரு பிரதிகளாக மட்டும் தைக்கப்படுவது அது. அணிவகுப்பில் அதற்கு ஓர் எண் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் அது வடிவமைப்பாளரின் மக்கள் தொடர்பு நிறுவனத்தின் ஷோரூமில் எண் வரிசைப்படி தொங்கும். ஓர் இதழின் ஆசிரியர் குழு, படப்பிடிப்புக்கு இந்த எண் ஆடை வேண்டும் என்று கேட்டனுப்பும். ஷோரூமில் இருக்கும் இன்டர்ன் அதை எடுத்து, நீராவி இஸ்திரி போட்டு, உறையில் இட்டு, செலான் எழுதி, கூரியர் ஆளிடம் கொடுப்பார். மறுமுனையில், இதழ் அலுவலகத்து ஆடை அறையில் உறையைப் பிரிப்பவரும் இன்டர்ன்தான். கிழிசல், கறை, உதிர்ந்த பொத்தான் எதுவும் இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து, பிராண்டு வாரியாகப் பதிந்து மாட்டி வைப்பார். வெளிநாட்டில் படப்பிடிப்பு என்றால் பெட்டியில் போகும் ஒவ்வொரு பொருளையும் சுங்கத்துக்காக மதிப்போடு பட்டியலிட வேண்டும். ஜோடித் தோட்டில் ஒன்று குறைந்தாலும் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுவது அவர் வேலை. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் அதே ஆடைக்கு வேறோர் இதழ் ஏற்கனவே காத்திருக்கும்.

ஒரு சாம்பிள் ஒரு நாள் தாமதித்தால் இன்னொரு இதழின் படப்பிடிப்பு கெடும். வடிவமைப்பாளருக்கு அந்தப் பக்கத்தில் கிடைத்திருக்க வேண்டிய பெயரும் போய்விடும். மக்கள் தொடர்பு நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதே அந்தப் பெயரைப் பெற்றுத் தருவதற்குத்தான். ஆகவே சாம்பிளை உரிய நேரத்தில் உரிய இடத்தில் சேர்ப்பதை ஓரத்து எடுபிடி வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஃபேஷன் இதழியலும் ஃபேஷன் விளம்பரமும் சந்திக்கும் இடமே அதுதான். அந்த இடத்தின் இரு முனைகளிலும் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாதவர்களே நின்றார்கள் என்பதை இத்துறை பற்றிய ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

இதழியல், விளம்பரம் ஆகிய இந்த இரு துறைகளும் தொடக்கம் முதலே ஒட்டிப் பிறந்தவை. நியூயார்க் ஃபேஷன் வாரத்தின் முன்னோடியான ‘பிரஸ் வீக்’கை 1943-இல் தொடங்கியவர் எலினோர் லாம்பர்ட். அவர் வடிவமைப்பாளரும் அல்லர், பத்திரிகை ஆசிரியரும் அல்லர், விளம்பரத் தொடர்பாளர். போர்க்காலத்தில் பாரிஸிலிருந்து செய்தி வராத நிலையில், அமெரிக்க ஆடைகளைப் பார்க்கச் செய்தியாளர்களை ஓரிடத்துக்கு வரவழைத்தார். இன்று அந்த நிகழ்ச்சிகளின் வாசலில் பெயர்ப் பட்டியலோடு நிற்பது, நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, முதல் வரிசையில் யார் வரவில்லை என்று உள்ளே சொல்லி அனுப்புவது ஆகியவற்றில் பெரும்பகுதி இன்டர்ன்களின் தோளில்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1938-ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியை உறுதி செய்தது. பயிற்சி பெறுவோருக்கு அதிலிருந்து வழிவிட்டது 1947-இல் போர்ட்லண்ட் டெர்மினல் ரயில் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அந்த வழக்கின் விவரங்களை மறந்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு தொடங்கியது. ரயிலில் பிரேக்மேன் வேலை கற்கவந்தோருக்கு அங்கே பயிற்சி ஏழெட்டு நாள். அவர்கள் நிரந்தர ஊழியர் எவருடைய இடத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களால் வேலை விரைவுபடவில்லை, சில வேளை தடைபடவும் செய்தது. இன்னொன்றும் உண்டு: 1942 அக்டோபருக்குப் பிறகு, பயிற்சியில் தேறியவர்களுக்கு அந்த நாள்களுக்கும் சேர்த்துத் தினம் 4 டாலர் கொடுக்கப்பட்டது. ஒரு வாரம் கற்றுக்கொண்ட ரயில் தொழிலாளிக்குக் கிடைத்த அந்தச் சிறு தொகைகூட, ஐந்து மாதம் உழைத்த ஃபேஷன் இன்டர்னுக்குக் கிடைக்கவில்லை.

தொழிலாளர் துறை 2010-இல் வெளியிட்ட ஆறு அளவுகோல்கள் ரயில் வழக்கின் இந்த உணர்வைப் பெருமளவு காத்தன. பயிற்சியால் நிறுவனத்துக்கு உடனடி ஆதாயம் இருக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 2015 ஜூலையில், ‘பிளாக் ஸ்வான்’ படத் தயாரிப்பில் வேலை செய்த இன்டர்ன்களின் வழக்கையும் ஹெர்ஸ்ட் வழக்கையும் சேர்த்துக் கேட்ட இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆறையும் தள்ளிவிட்டு, முதன்மைப் பயனாளி யார் என்று பார்க்கும் ஏழு அளவுகோல்களை வைத்தது. 2018 ஜனவரியில் தொழிலாளர் துறையும் அதையே ஏற்றுக்கொண்டது. இந்த ஏழில் முதலாவது, ஊதியம் கிடையாது என்பதை இருதரப்பும் அறிந்திருந்தார்களா என்பது. இதை ஏற்க முடியாது. 1985-இல் அலமோ அறக்கட்டளை வழக்கில், தங்களுக்குக் கூலி வேண்டாம் என்று தாங்களே சொன்னவர்களும் ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல அனுமதித்தால், சொல்லும்படி வற்புறுத்தும் முதலாளிகள் வருவார்கள் என்பது அதன் காரணம். ஃபேஷன் துறையில் நுழைய வேறு வாசல் தெரியாத இருபது வயதுப் பெண், சம்பளம் இல்லை என்பதை அறிந்தே சேர்ந்தார் என்பது அவருடைய பேர பலமின்மைக்குச் சான்று. அதை நிறுவனத்தின் பக்கம் வரவு வைத்தது ஏழு அளவுகோல் முறை.

ஹெர்ஸ்ட் வழக்கின் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இன்டர்ன்கள் சம்பள ஊழியர்களின் வேலையைச் செய்தார்களா என்ற ஓர் அளவுகோல் அவர்கள் பக்கம் சாய்வதாக நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் அது மட்டும் போதாது என்றது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதும் தொழில் பழகும் வழிதான் என்றும் கருதியது. பழகுதல் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆண்டு உதவி ஆசிரியரும் அப்படித்தான் பழகுகிறார், அவருக்கு மாதம்தோறும் சம்பளம் போகிறது. கற்றுக்கொள்வதும் உழைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை. ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்ற எண்ணத்தின் மேல்தான் இந்தத் தீர்ப்பு நிற்கிறது.

இது இத்துறையின் பழைய மரபு என்ற வாதமும் நிலைக்காது. மாட்மசெல் இதழ் கோடைதோறும் கல்லூரி மாணவிகளை விருந்தினர் ஆசிரியர்களாக நியூயார்க்குக்கு அழைத்தது. 1953-இல் சில்வியா பிளாத்தும் 1955-இல் ஜோன் டிடியனும் அப்படி வந்தவர்கள். அந்த மாணவிகளுக்கு ஊதியம் தரப்பட்டது. டிடியன் பிறகு வோக் இதழின் போட்டியில் வென்று அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். இளையோரை அழைத்து வந்து, பழக்கி, கூலியும் கொடுப்பது ஃபேஷன் இதழ்களால் முடிந்த காரியம்தான் என்பதற்கு அந்தக் காலமே சாட்சி.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: சம்பளம் கட்டாயம் என்றால் கதவையே மூடிவிடுவார்கள். அது நடக்கவும் செய்தது. 2013 ஜூனில் இரண்டு முன்னாள் இன்டர்ன்கள் இதழ் வெளியீட்டு நிறுவனமான கோண்டே நாஸ்ட் மீது வழக்குத் தொடுத்தனர். அவர்களில் டபிள்யூ இதழில் இருந்தவர், 12 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததற்கு நாளொன்றுக்கு 12 டாலர் பெற்றதாகச் சொன்னார். அக்டோபரில் நிறுவனம் இன்டர்ன்ஷிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. 2014-இல் சுமார் 7,500 பேருக்கு 58 லட்சம் டாலர் தர இசைந்தது. ஆளுக்கு 700 முதல் 1,900 டாலர் வரை. அந்த ஆண்டுகளில் படித்து முடித்த மாணவர்களுக்கு அது உண்மையான இழப்பு. ஆனால் கதவு என்றைக்குமாக மூடிவிடவில்லை. பின்னர் அதே நிறுவனம் இன்டர்ன்களை மீண்டும் எடுத்தது, ஊதியத்தோடு.

சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர் இழப்பது பணம் மட்டுமன்று. ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் நியூயார்க் அலுவலக இன்டர்ன் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில், ஊதியம் பெறாதவர் ஊழியர் அல்லர், எனவே நகரின் மனித உரிமைச் சட்டம் அவரைக் காக்காது என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே நகர மன்றம் சட்டத்தைத் திருத்தி இன்டர்ன்களையும் சேர்த்தது. அதுவரை அந்த நகரின் இன்டர்ன்கள் யாரிடம் முறையிட்டிருக்க முடியும்?

ஆய்வாளர்களான கூனும் காரிகனும் 2013-இல் ‘நம்பிக்கை உழைப்பு’ என்ற கருத்தை முன்வைத்தனர்: நாளைய வேலையை நம்பி இன்று இலவசமாகவோ குறைந்த கூலிக்கோ செய்யும் உழைப்பு. ஃபேஷனுக்கு அது பொருந்தும், ஆனால் முழுமையாக விளக்காது. மான்ஹாட்டன் வாடகையைப் பெற்றோர் கட்டக்கூடியவரே அந்த நம்பிக்கையை மாதக்கணக்கில் தாங்க முடியும். மற்றவர் நம்பினாலும் அங்கே நிற்க முடியாது. நாளைய இதழாசிரியர்கள் யார் என்பது ஆடை அறையிலேயே முடிவாகிவிடுகிறது.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. படிப்புக் கிரெடிட் தருவதாகக் கல்லூரிக் கடிதம் கொண்டுவந்தால்தான் இன்டர்ன்ஷிப் என்று ஹெர்ஸ்ட் கேட்டது. அந்தக் கிரெடிட்டுக்குப் பல மாணவர்கள் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அதாவது, வேலை செய்யும் உரிமைக்கே அவர்கள் பணம் செலுத்தினார்கள். அத்தகைய கடிதங்களில் கையெழுத்திடும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் மாணவர் நிரப்பிய சாம்பிள் பதிவேட்டின் ஒரு வார நகலை அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தப் பக்கங்களில் இருப்பது சம்பள ஊழியரின் வேலை என்று உங்களுக்குத் தோன்றினால், கையெழுத்துப் போடாதீர்கள்.