அடங்கல்: கணக்கேட்டிலிருந்து செயலி வரை

அடங்கல் என்பது தமிழகக் கிராமங்களில் ஒவ்வொரு புல எண்ணிலும் எந்தப் பருவத்தில் என்ன பயிர் விளைந்தது என்பதைக் குறித்து வைக்கும் பதிவேடு. வருவாய்த்துறை வரிசையில் இது கிராமக் கணக்கு எண் 2. கர்ணம் கைப்பட எழுதிய ஏடாக இருந்த அடங்கல், 1980-க்குப் பின் கிராம நிர்வாக அலுவலரின் ஏடாகியது. இன்று கைபேசிச் செயலியில் பதியப்படுகிறது. இதற்கிடையே கணக்கை எழுதியவரின் பதவிப் பெயர், மாவட்டத்தின் பெயர், திட்டங்களின் பெயர், மென்பொருள்களின் பெயர் எல்லாம் மாறின. விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை வட்டத்திலுள்ள பந்தல்குடி, இத்தனை மாற்றங்களையும் கண்ட மானாவாரி நிலப்பகுதி.

பெயர்

அடங்கல் 'அடங்கு' என்னும் வினையிலிருந்து வந்த தமிழ்ச்சொல். கிராமத்தின் புலங்கள் அனைத்தும் அடங்கிய கணக்கு என்பது பொருள். இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் சிட்டா, பட்டா, பசலி, ஜமாபந்தி ஆகியவை வடக்கிலிருந்து வருவாய் நிர்வாகத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தவை. பசலி என்பது அறுவடையைக் குறிக்கும் அரபுச் சொல். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435.

பட்டா நிலம் யாருடையது என்பதைச் சொல்லும். சிட்டா, அதாவது கிராமக் கணக்கு எண் 10(1), ஒருவர் பெயரில் அக்கிராமத்தில் உள்ள நிலங்களைத் தொகுத்துச் சொல்லும். அடங்கல் அந்த நிலத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். முதல் இரண்டும் உரிமை பற்றியவை. அடங்கல் உழைப்பைப் பற்றியது.

பந்தல்குடி வட்டாரம்

பந்தல்குடி அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, மதுரையிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. அந்தச் சாலையின் பெயரும் மாறியது. தேசிய நெடுஞ்சாலை 45பி என்று இருந்தது, 2010-இல் நாடு முழுவதும் எண்கள் மாற்றப்பட்டபோது தேசிய நெடுஞ்சாலை 38 ஆனது.

இப்பகுதி கரிசல் நிலம். வற்றாத ஆறு கிடையாது. கண்மாய்ப் பாசனம் உள்ள நஞ்சை குறைவு. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியை ஒட்டி விதைக்கும் மானாவாரிப் புஞ்சையே அதிகம். மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, குதிரைவாலி, கம்பு ஆகியவை விளைகின்றன. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் உள்ளது. சிமெண்ட் ஆலைக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பந்தல்குடிப் பகுதியில் இயங்குகின்றன. ஆகவே இங்கே புல எண்ணும் பரப்பும் மேல்மண்ணுக்கு மட்டும் உரிய விவரங்கள் அல்ல.

மழை பொய்க்கும் ஊரில் அடங்கலின் பயன் கூடுகிறது. வாய்க்கால் பாசனத்தில் இந்த ஆண்டும் நெல், அடுத்த ஆண்டும் நெல் என்று எழுதிவிடலாம். மானாவாரியில் ஒரே புலம் ஓர் ஆண்டு பருத்தியாகவும் அடுத்த ஆண்டு உளுந்தாகவும் அதற்கடுத்த ஆண்டு தரிசாகவும் கிடக்கும். நேரில் போய்ப் பார்க்காமல் எழுதினால் அது பொய்க்கணக்கு.

ஜமீன் காலம்

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தின் பெரும்பகுதி ஜமீன் நிலமாக இருந்தது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது இவ்வட்டாரம் அதில் சேர்ந்தது. இரயத்துவாரி கிராமங்களில் அரசின் நில அளவையும் புல எண்ணும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றன. ஜமீன் கிராமங்களில் பல இடங்களில் பைமாஷ் எண்களும் காட்டின் பெயர்களுமே அடையாளமாக இருந்தன.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து நில அளவையும் நிலவரித் திட்டமும் நடந்து, பழைய எண்களுக்குப் பதிலாகப் புதிய புல எண்கள் தரப்பட்டன. பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்று காட்டும் ஒப்புமைப் பதிவேடும் தயாரிக்கப்பட்டது. கிரயப் பத்திரங்களில் 'பழைய சர்வே எண் இன்னது, புதிய சர்வே எண் இன்னது' என்று இரண்டையும் எழுதும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. பெயர் மாறினால் பழைய பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்ற எச்சரிக்கை பத்திர எழுத்தர்களிடம் இன்றும் உள்ளது.

கர்ணமும் கணக்கும்

கிராமத்தின் கணக்குகளைக் கர்ணம் எழுதினார். கணக்குப்பிள்ளை என்பது மக்கள் வழங்கிய பெயர். வரி தண்டுவது மணியக்காரர் அல்லது கிராம முன்சீப்பின் வேலை. தலையாரியும் வெட்டியானும் அவர்களுக்குத் துணை. கர்ணம் மாதந்தோறும் புலங்களைப் பார்வையிட்டு அடங்கலில் பயிரை எழுத வேண்டும். விளைச்சலை அணாக் கணக்கில் மதிப்பிடுவார்கள். முழு விளைச்சல் பதினாறு அணா. வருவாய் ஆய்வாளர் அதைத் தணிக்கை செய்வார். பசலி முடியும் தறுவாயில் ஜமாபந்தியில் கணக்குகள் சரிபார்க்கப்படும்.

இப்பதவிகள் பரம்பரையாக வந்தன. ஏடுகள் பெரும்பாலும் கர்ணத்தின் வீட்டிலேயே இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருக்குத் தன் நிலத்தின் எண் கர்ணம் சொல்லித்தான் தெரியும். ஒரு பெயரை விட்டுவிடவும், ஒரு பரப்பைக் குறைத்து எழுதவும் அவரால் முடியும். பழைய ஏடு கெட்டியானது என்று இன்று சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. தாள் நிலைத்தது, ஆனால் அதைப் பார்க்கும் உரிமை ஊரில் சிலருக்கே இருந்தது.

1968-இல் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டத்தால் நீக்கப்பட்டன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகளையே ஒழித்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1981-இல் அது சட்டமானது. அதை எதிர்த்த வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கர்ணத்தின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வு எழுதி வரும் முழுநேர அரசு ஊழியர் அவர். பசலி 1390-இன் நடுவில் எழுதுபவர் மாறினார். ஆனால் கணக்கு எண் 2 மாறவில்லை. பழைய ஏட்டைப் புதியவர் வாங்கி அடுத்த பக்கத்தில் எழுதத் தொடங்கினால் போதுமானதாக இருந்தது.

யு.டி.ஆர்.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டம் மக்களிடம் யு.டி.ஆர். என்ற எழுத்துகளாலேயே அறியப்படுகிறது. பட்டாக்களை நடப்பு உரிமையாளர் பெயருக்கு மாற்றுவதும், உட்பிரிவுகளைச் சரிசெய்வதும், பரப்பை மெட்ரிக் அளவில் எழுதுவதும் இதன் பணிகள். ஏக்கரும் செண்டும் ஹெக்டேரும் ஏரும் ஆயின. குடியானவர்கள் பேச்சில் ஏக்கரும் செண்டும் குறுக்கமுமே தொடர்ந்தன.

பதிவேட்டைப் புதிதாகப் படியெடுக்கும்போது பெயர்கள் பிழையாயின. புல எண்கள் இடம் மாறின. சில உட்பிரிவுகள் விடுபட்டன. யு.டி.ஆர். பிழைத் திருத்தம் என்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் ஒரு மனு வகையாக நிலைத்துவிட்டது. அத்தகைய மனுவுக்குச் சான்றாகக் கேட்கப்படுவது பழைய 'அ' பதிவேடும் பழைய அடங்கலும் கிஸ்தி ரசீதும்தான்.

இத்திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே மாவட்டத்தின் பெயரும் மாறியது. 1985-இல் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, இப்பகுதி காமராசர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வைக்கும் முறை கைவிடப்பட்டதால் அது விருதுநகர் மாவட்டம் ஆனது. மதுரைப் பக்கத்து மக்கள் 'பாண்டியன் பஸ்' என்று அழைத்த பாண்டியன் போக்குவரத்துக் கழகமும் அதே ஆண்டில் பெயர் இழந்தது. ஒரே புஞ்சைக்கு முப்பாட்டனின் பத்திரத்தில் மதுரை மாவட்டம், பாட்டனின் பத்திரத்தில் இராமநாதபுரம், தந்தையின் பத்திரத்தில் காமராசர், மகனின் பத்திரத்தில் விருதுநகர் என்று இருக்க முடியும்.

கணினியாக்கம்

ஒன்றிய அரசு 1988-89-இல் நில ஆவணங்களைக் கணினியாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2008-இல் அது வருவாய் நிர்வாகத்தை வலுப்படுத்தும் மற்றொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டுத் தேசிய நில ஆவண நவீனமாக்கல் திட்டம் என்று பெயர் பெற்றது. 2016-இல் டிஜிட்டல் இந்தியா நில ஆவண நவீனமாக்கல் திட்டம் என்று மீண்டும் பெயர் மாறியது. தமிழகத்தில் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய தமிழ்நிலம் மென்பொருள் வட்ட அலுவலகங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. பதிவுத்துறை 2000-இல் ஸ்டார் என்னும் மென்பொருளையும் 2018-இல் ஸ்டார் 2.0-வையும் கொண்டுவந்தது.

தொடக்கத்தில் வட்ட அலுவலகத்தில் கணினிச் சிட்டா கிடைத்தது. பின்னர் இணையத்தில் பட்டாவும் சிட்டாவும் ஒரே ஆவணமாக வந்தன. தனிச் சிட்டா வழங்குவது நின்றது. எனினும் வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் 'சிட்டா, அடங்கல் கொண்டுவாருங்கள்' என்று கேட்கும் பழக்கம் நிற்கவில்லை. இல்லாத தாளைக் கேட்டு அலையும் குழப்பம் இதனால் உண்டானது.

எழுத்துருவும் சிக்கலாயிற்று. அரசு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு பொருளற்ற குறிகளாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகள் தரப்படுத்தப்பட்டன. 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் சேமித்த கோப்புகளை மாற்றித் தரும் மென்பொருள்கள் தேவைப்பட்டன. மாற்றாமல் விட்டவை வன்தட்டில் இருந்தும் இல்லாதவையாயின. கரையான் அரித்த ஏட்டில் மிச்சப் பக்கத்தைப் படிக்கலாம். குறியீடு தொலைந்த கோப்பில் அதுவும் கடினம்.

செயலிக் காலம்

அடங்கலைப் பதிய இ-அடங்கல் என்னும் மென்பொருள் வந்தது. அதன்பின் ஒன்றிய அரசின் அக்ரிஸ்டாக் திட்டத்தின்கீழ் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு வந்தது. இதில் புலத்தில் நின்று பயிரைப் படம் எடுக்க வேண்டும். இருப்பிடக் குறிப்பும் சேர்ந்து பதிவாகும். 2024-இல் தமிழகத்தில் இப்பணியில் வேளாண் கல்லூரி மாணவர்களும் ஈடுபடுத்தப்பட்டனர். 2025-இல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணி நடைபெற்றது.

பயிர்க் காப்பீட்டின் பெயரும் மாறிவந்தது. 1985-இல் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம், 1999-இல் தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டம், 2016-இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். பெயர் எதுவாயினும் பிரீமியம் கட்டப் போகிறவரிடம் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று கேட்கப்படுகிறது. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு தமிழகத்தின் மக்காச்சோளப் பயிரைத் தாக்கியது. அதுபோன்ற ஆண்டில், மக்காச்சோளம் விதைத்த புலத்தில் உளுந்து என்று பதிவாகியிருந்தால் இழப்பை நிறுவ வழியில்லை. மானாவாரி விவசாயிக்கு அந்த ஒரு வரி ஓர் ஆண்டின் வருமானம்.

பிற குறிப்பேடுகள்

குறிப்பெடுக்கும் மென்பொருள்கள் நிறுத்தப்படுவதும் பெயர் மாறுவதும் உலகெங்கும் நடப்பவை. கூகுள் 2006-இல் தொடங்கிய நோட்புக் சேவையின் மேம்பாட்டை 2009-இல் நிறுத்தி 2012-இல் மூடியது. 2013-இல் கீப் என்ற பெயரில் வேறொரு குறிப்பேட்டை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கிய வுண்டர்லிஸ்ட் 2020 மே மாதம் மூடப்பட்டது. ஒன்நோட் என்ற ஒரே பெயரில் இரண்டு விண்டோஸ் செயலிகள் பல ஆண்டுகள் இருந்தன. அவற்றுள் விண்டோஸ் 10-க்கானதற்கு 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்தது. அத்தகைய செயலிகளில் குறிப்பை எழுதியவரே அதைப் படியெடுத்து வேறிடம் கொண்டுபோகலாம். அடங்கலில் குறிப்பு விவசாயியைப் பற்றியது, ஏடு அரசினுடையது. மாற்றம் நடக்கும்போது சரிபார்க்கும் வாய்ப்பு அவருக்குக் குறைவு.

வரலாற்று இடம்

கணினியாக்கம் கர்ணத்தின் வீட்டிலிருந்த ஏட்டைப் பொதுவில் வைத்தது. பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறாமல், கைபேசியில் புல எண்ணைத் தட்டித் தன் பட்டாவைப் பார்க்க முடிவது பெரிய மாற்றம். முன்பு ஒருவர் மறைத்துவைக்க முடிந்ததை இப்போது எவரும் பார்க்கலாம்.

ஆனால் தாள் ஏட்டுக்கு இருந்த ஓர் ஒழுங்கு மென்பொருளுக்கு வாய்க்கவில்லை. ஜமீன் நில அளவையில் எண் மாறியபோது ஒப்புமைப் பதிவேடு எழுதப்பட்டது. பதவி மாறியபோது கணக்கின் எண் மாறாமல் காக்கப்பட்டது. மென்பொருள் மாறும்போது பழைய பெயரில் இருந்தது புதிய பெயரில் எங்கே இருக்கிறது என்று குடியானவருக்குச் சொல்லும் ஏடு இல்லை. கிஸ்தி ரசீதுகளையும் பழைய அடங்கல் நகல்களையும் மஞ்சள் பையிலோ டிரங்குப் பெட்டியிலோ போட்டுவைக்கும் வழக்கம் கரிசல் கிராமங்களில் இன்றும் தொடர்வதற்கு இதுவே காரணம். கணக்கு எத்தனை முறை பெயர் மாறினாலும் வழக்கு என்று வரும்போது முதலில் திறக்கப்படுவது அந்தப் பெட்டிதான்.