கொக்கிப்புழுவும் காலடி மண்ணும்

கல்கத்தாவின் தென்புறத்தில் உள்ள டாலிகஞ்ச், வெளியூரிலிருந்து வந்தவர்களால் உருவான ஊர். அதன் பெயரே ஓர் அயலாருடையது. வில்லியம் டாலி என்ற கும்பெனி அதிகாரி, தூர்ந்து கிடந்த ஆதிகங்கையின் தடத்தை 1775-ஆம் ஆண்டு முதல் 1777 வரை தோண்டிப் படகு செல்லும் கால்வாயாக்கினார். கால்வாய்க்கும் அதன் கரையில் எழுந்த குடியிருப்புக்கும் அவர் பெயரே நிலைத்தது. 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தாரைக் கும்பெனியார் கல்கத்தாவுக்கு அனுப்பி, இப்பகுதியில் குடியமர்த்தினர். 1947-இல் நாடு பிரிவுபட்டபோது கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் இங்கே தரிசு நிலத்திலும் தோப்புகளிலும் குடிசை கட்டிக் காலனிகளை அமைத்தனர். பிழைப்பைத் தேடிக் கல்கத்தா வந்து ஏரிச் சந்தையைச் சுற்றி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களிலும் சில, நாளடைவில் தெற்கே நகர்ந்து டாலிகஞ்சில் வீடு பிடித்தன.

வந்தவர்களைப் பற்றி முன்னரே இருந்தவர்கள் சொல்லும் பழி ஒன்று எல்லா நாட்டிலும் உண்டு. “நோயைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தாம்” என்பதே அது. அந்தப் பழி எவ்வளவு உண்மை என்பதை ஆராய, மனிதன் குடலிலும் நாயின் குடலிலும் வாழும் ஒரு சிறு புழுவின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் கொக்கிப்புழு. அதன் வரலாற்றில் இலங்கைத் தோட்டத் தமிழருக்கும் இடமுண்டு; கல்கத்தா ஆராய்ச்சிச் சாலைகளுக்கும் இடமுண்டு.

முதலில் அப்புழுவின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். நீளம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். நூலிழை போன்ற உடல். தலைப்பக்கம் கொக்கிபோல் வளைந்திருக்கும். சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சும். மனிதரைப் பற்றும் பழைய இனங்களுள் ஒன்று, நாளொன்றுக்குச் சுமார் 0.2 மில்லிலிட்டர் குருதியை வீணாக்கும். ஒரு புழுவால் பெருந்தீங்கு இல்லை. நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டால், உடல் வெளுத்துச் சோகை பிடிக்கும். நடந்தால் மூச்சு வாங்கும். குழந்தையின் படிப்பும் வளர்ச்சியும் தேங்கும். கருவுற்ற பெண்ணுக்கு ஆபத்து மிகும். புழு இடும் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அந்த இளம்புழு மனிதனைப் பற்றும் பருவத்தை அடையும். பிறகு வெறுங்காலோடு யாரேனும் வருவதற்காக மண்ணில் காத்திருக்கும்.

1838-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆஞ்செலோ துபினி என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு குடியானவப் பெண்ணின் குடலில் இப்புழுவைக் கண்டார். அது உடலுக்குள் புகும் வழி அப்போது விளங்கவில்லை. வாய்வழியாகவே புகுகிறது என்று பலரும் நம்பினர். அந்த நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், இளம்புழுக்கள் நிறைந்த நீரைத் தம் கைமீது தவறிச் சிந்திவிட்டார். அந்த இடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்கள் கழித்துத் தம் மலத்தைச் சோதித்தபோது கொக்கிப்புழுவின் முட்டைகளைக் கண்டார். தோலைத் துளைத்தே புழு உடலுக்குள் புகுகிறது என்ற உண்மை இவ்வாறு தற்செயலாக வெளிப்பட்டது.

இந்த அறிவு பரவிய காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் குடியானவர்கள் இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றுகொண்டிருந்தார்கள். 1916-ஐ ஒட்டி, அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். சோதனை செய்த இடமெல்லாம் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. “இந்தியாவிலிருந்து கூலிகள் சுமந்து வரும் புழு” என்ற பேச்சு தோட்டத் துரைமாரிடையே வலுத்தது. இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள மண்டபத்தில், இலங்கைக்குச் செல்வோரைத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் இருந்தது. அங்கே அம்மைக்குத் தடுப்பு குத்தியதோடு, பின்னாளில் கொக்கிப்புழு மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள்.

பயணிகளின் குடலில் புழு இருந்தது உண்மைதான். ஆனால் தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த வீடு எத்தகையது? ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த லயன் அறைகள். பல தோட்டங்களில் கழிப்பிடமே இல்லை. வேலையோ காலையிலிருந்து மாலைவரை ஈர மண்ணில், செருப்பில்லாத காலோடு. மருந்து உண்டு புழு நீங்கியவனும் அதே மண்ணில் நடந்து மறுபடி புழுவைப் பெற்றான். கழிப்பிடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பதால் பயனில்லை என்று ஒழிப்பு இயக்கத்து மருத்துவர்களே வற்புறுத்த வேண்டியிருந்தது. குற்றம் பயணியின் மீது சுமத்தப்பட்டது. புழுவை வளர்த்ததோ அவனை நிறுத்திய மண்.

இதே காலத்தில் கதை வேறு பக்கமும் திரும்பியது. 1911-இல் முன்னர்க் கூறிய லூஸ், இலங்கையில் ஒரு புனுகுப் பூனையின் குடலிலிருந்து கிடைத்த புதிய கொக்கிப்புழுவை விவரித்து, அதற்கு இலங்கையின் பெயரையே சூட்டினார். 1913-இல் வங்காளத்தில் பணியாற்றிய கிளேட்டன் லேன் என்ற மருத்துவ அதிகாரி, அதே புழுவை மனிதரிடமும் கண்டதாக எழுதினார். விலங்கின் புழு மனிதனுக்குள்ளும் முழுவளர்ச்சி பெற்று வாழ்கிறது என்பது பெரிய செய்தி. ஆயினும் அது நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. காரணம் ஒரு பெயர்க் குழப்பம். பிரேசில் நாட்டில் நாய் பூனைகளிடம் 1910-இல் கண்ட புழுவும் இதுவும் ஒன்றே என்று இராபர்ட் லைப்பர் என்ற ஆங்கில அறிஞர் 1913-லேயே கருத்துரைத்தார். பலரும் அதை ஏற்றனர். பிரேசில் புழுவோ மனிதத் தோலுக்குள் நெளிந்து அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குமே தவிர, மனிதக் குடலில் வளர்வதில்லை. இவ்விரண்டும் ஒன்றெனக் கொண்டதால், எது மனிதனைப் பற்றும், எது பற்றாது என்பதே தெளிவின்றிப் போயிற்று. 1951-இல் எத்தோரே பியோக்கா என்ற இத்தாலிய அறிஞர் இரண்டும் வெவ்வேறு இனமே என்று நிறுவும்வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் இக்குழப்பம் நீடித்தது.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம். இந்நகரின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1920-களின் தொடக்கத்தில் செயற்படத் தொடங்கியது. அங்கே கொக்கிப்புழு ஆராய்ச்சிக்கூடத்திற்குப் பொறுப்பேற்று வந்தவர் அமெரிக்கரான ஆசா சாண்ட்லர். எத்தனை பேருக்குப் புழு இருக்கிறது என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொருவரிடமும் எவ்வளவு புழு இருக்கிறது என்பதையும் முட்டைகளை எண்ணி அளந்தார். வங்காளத்தில் புழு உடையோர் மிகப் பலர். அவர்களுள் பெரும்பாலோரிடம் இருந்த புழுக்களோ சிலவே என்று கண்டார். ‘இந்த ஊரில் நூற்றுக்கு எண்பது பேருக்குப் புழு’ என்று சொன்னால் கேட்பவர் திடுக்கிடுவார். அந்த எண்பது பேரில் எத்தனை பேர் சோகையால் வாடுகிறார்கள் என்பதே மருத்துவன் கேட்க வேண்டிய கேள்வி. 1929-இல் சாண்ட்லர் கொக்கிப்புழு நோயைப் பற்றி வெளியிட்ட நூல், பல்லாண்டுகள் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டியாக விளங்கியது.

1960-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி மையத்தை நடத்தியது. அதன் ஆராய்ச்சியாளர் கெர்ஹார்டு ஷாடும், கல்கத்தா அறிஞர் சவுத்ரியும் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் மனிதரின் புழுக்களை ஆராய்ந்தனர். இலங்கைப் பெயர் கொண்ட அந்தப் புழு கல்கத்தா மனிதரிடம் வாழ்வதை 1972-இல் வெளியிட்டனர். லேன் சொன்னது மெய் என்பது ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் உறுதியாயிற்று.

மறு ஆண்டு, 1973-இல், ஷாடும் அவருடைய துணைவர்களும் இன்னொரு வியப்பை வெளியிட்டனர். மனிதரை மட்டுமே பற்றும் பழைய கொக்கிப்புழு இனத்தின் இளம்புழுக்கள் சில, உடலுக்குள் புகுந்ததும் வளராமல் மாதக்கணக்கில் உறங்குகின்றன. வெளியே மண் காய்ந்து கிடக்கும்போது முட்டையிட்டுப் பயனில்லை. மழைக்காலம் நெருங்கும்போது அவை விழித்து வளர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. விதையைக் கையில் வைத்துக்கொண்டு வானம் பார்க்கும் உழவனைப்போல் புழுவும் பருவம் பார்க்கிறது. வங்காளத்தில் ஆனி ஆடி மாதங்களில் மழை பெய்து தெருமண் குழையும்போது, புழு அதற்கு ஆயத்தமாக இருக்கிறது.

நாயின் பங்கு என்ன என்பதற்கு அசாமிலிருந்து ஒரு விடை கிடைத்தது. அங்குள்ள தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2002-இல் வெளிவந்தது. திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தை நாய்கள் உண்பதால், மனிதரின் உருளைப்புழு முட்டைகளும் நாயின் வயிற்றுவழியே கடந்து வேறிடத்தில் விழுகின்றன என்று அது காட்டியது. நாய் தன் புழுவை நமக்குத் தருவதோடு, நம் புழுவையும் நமக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. அண்மைக் காலத்தில் முட்டையின் மரபணுவைக் கொண்டே இனத்தைப் பிரித்தறியும் முறை வந்த பின், இலங்கைப் பெயர்ப் புழு தென்கிழக்கு ஆசியாவின் பல பகுதிகளில் மனிதரிடம் பரவலாக இருப்பதும் தெரிந்தது.

மருந்தின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. 1921-இல் மாரிஸ் ஹால் என்ற அமெரிக்கக் கால்நடை ஆராய்ச்சியாளர் கார்பன் டெட்ராகுளோரைடை நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்து, பின் தாமே உட்கொண்டு பார்த்தார். அது மனிதருக்கும் மருந்தாயிற்று. நச்சுத்தன்மை மிக்க அந்த மருந்து பின்னர் கைவிடப்பட்டது. இன்று நம் குழந்தைகள் பள்ளியில் விழுங்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் முதலில் கால்நடைகளுக்கே வழங்கியது. இந்திய அரசு 2015-இல் தேசியக் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கி, 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு இம்மாத்திரையை அளித்து வருகிறது. மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்லும். மண்ணில் உள்ளதையும் தெருநாயின் வயிற்றில் உள்ளதையும் அது தொடாது. ஆகையால்தான் ஒருமுறை மருந்து கொடுத்து நிறுத்திவிட முடிவதில்லை.

இனி நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவர் வீட்டில் குழந்தை வயிற்றுவலி என்று சுருண்டால், பூச்சி என்று அறிந்து விளக்கெண்ணெயைத் தேடுகிறோம், ஆடுதின்னாப்பாளையை நினைவுகூர்கிறோம். அதனோடு, “வேலைக்காரியின் பிள்ளையோடு விளையாடாதே” என்றும் சொல்லிவிடுகிறோம். அன்று தோட்டத் துரை நம் பாட்டனாரைப் பார்த்துச் சொன்னதும் இதுதான். அந்தப் பிள்ளையின் கையைத் தொடுவதால் கொக்கிப்புழு ஒட்டுவதில்லை. அவன் குடிசைக்கு அருகே கழிப்பிடம் இல்லையென்றால், நம் குழந்தையும் அவனும் நடக்கும் மண் ஒன்றாகவே கெடுகிறது. அந்த மண்ணில் மாடிவீட்டுக் கால், குடிசைக் கால் என்ற வேற்றுமை இல்லை.

செய்ய வேண்டியவை எளியவை. மழைக்காலத்தில் குழந்தைகளை வெறுங்காலோடு தெருமண்ணில் விடவேண்டாம். உணவுக்கு முன் கை கழுவுவதும், பச்சைக் காய்கறிகளை நன்கு அலம்புவதும் வழக்கமாகட்டும். இலங்கைப் பெயர்ப் புழு வாய்வழியாகவும் புகவல்லது. வீட்டில் நாய் பூனை வளர்ப்போர் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, உரிய காலத்தில் புழு மருந்து கொடுக்கவேண்டும். பள்ளியில் மாத்திரை கொடுக்கும் நாளில், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் குழந்தையும் அதைப் பெற்றதா என்று கேளுங்கள். வெளுத்துக் களைத்த குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டிக் குருதியைச் சோதிக்கச் செய்யுங்கள்.

டாலியின் கால்வாய்க் கரையில் வேலூரிலிருந்தும் டாக்காவிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குடியேறினார்கள். யார் எதைக் கொண்டுவந்தார் என்று கணக்குப் பார்த்து அங்கே எந்த நோயும் தீர்ந்ததில்லை. மண்ணைத் தூய்மையாக்கும் பொறுப்பு, அதன்மேல் நடக்கும் அனைவருக்கும் பொதுவானது.