ஆவித் தடக் காற்றளவீடு

ஆவித் தடக் காற்றளவீடு என்பது ஒளிரும் தன்மையுள்ள வேதிப்பொருளை ஆய்வு ஏவூர்தி ஒன்றிலிருந்து மேல்வளிமண்டலத்தில் வெளியிட்டு, அத்தடம் நகர்வதைத் தரையிலிருந்து ஒளிப்படம் எடுத்து, அங்கு வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கும் முறையாகும். ஏறத்தாழ 80 முதல் 200 கி.மீ. வரையான உயரங்களில் இம்முறை பயன்படுகிறது.

தேவை

வானிலை பலூன்கள் பொதுவாக 40 கி.மீ. உயரத்துக்கு மேல் செல்வதில்லை. செயற்கைக்கோள்களோ 150 கி.மீ.க்குக் கீழே வளியின் உராய்வினால் நெடுநாள் சுற்றி வர இயலாது. இடைப்பட்ட பகுதியை நேரடியாக அடைய ஏவூர்தியே வழி. ஆயினும் 100 கி.மீ. உயரத்தில் வளியின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏவூர்தியும் அப்பகுதியை மிக விரைவாகக் கடந்துவிடும். எனவே தரையில் பயன்படும் காற்றுமானிகள் அங்கு உதவா. காற்றோடு கலந்து காற்றாகவே நகரும் ஓர் அடையாளப் பொருள் தேவைப்படுகிறது.

பயன்படும் வேதிப்பொருட்கள்

* சோடியம்: சூரிய ஒளியை உறிஞ்சி, 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஆரஞ்சு கலந்த மஞ்சள் ஒளியை மீண்டும் உமிழ்கிறது. தரை இருண்டும் மேலே வெயில் படிந்தும் இருக்கும் அந்தி, விடியல் நேரங்களில் மட்டுமே இதனைக் காண இயலும்.
* டிரைமெத்தில் அலுமினியம்: ஆக்சிசனுடன் வினைபுரிந்து தானே ஒளிர்வதால், நள்ளிரவிலும் பயன்படுத்தலாம்.
* லித்தியம்: 671 நானோமீட்டர் அளவில் சிவப்பு ஒளி தருகிறது. தகுந்த வடிகட்டிகளுடன் பகலிலும் இதனைப் படமெடுக்கலாம்.
* பேரியம்: இதன் ஒரு பகுதி சூரிய ஒளியால் அயனியாகிறது. அயனிகள் காந்தப்புலக் கோடுகளைத் தழுவி நகர்வதால் மின்புலத்தையும் அறிய முடிகிறது.

அளவிடும் முறை

ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரண்டு அல்லது மேற்பட்ட இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் தடம் படமெடுக்கப்படுகிறது. படத்தில் பின்னணியாக விழும் விண்மீன்களின் இருப்பிடங்கள் துல்லியமாக அறியப்பட்டவை. ஆதலால் அவற்றைக் கொண்டு தடத்தின் ஒவ்வொரு புள்ளியும் எத்திசையில் உள்ளது எனக் கணிக்கலாம். வெவ்வேறு இடங்களிலிருந்து வரையப்படும் திசைக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே அப்புள்ளியின் அமைவிடம். சிறிது நேரம் கழித்து எடுத்த படங்களுடன் ஒப்பிட்டால் அது நகர்ந்த தொலைவு கிடைக்கும். சான்றாக, 105 கி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி 30 நொடிகளில் 3 கி.மீ. நகர்ந்தால், காற்றின் வேகம் நொடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கி.மீ. ஆகும்.

வரலாறு

ஏவூர்தி மூலம் சோடியத்தை வெளியிடும் யோசனையை 1950இல் டேவிட் பேட்ஸ் முன்வைத்தார். 1955இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இது முதன்முதலாகச் செய்து பார்க்கப்பட்டது. 1959இல் பிரெஞ்சு அறிவியலாளர் சாக் பிளமோன் குழுவினர், அல்சீரியாவின் அமாகீர் தளத்திலிருந்து வெரோனிக் ஏவூர்தி மூலம் சோடிய முகிலை உருவாக்கினர்.

இந்தியாவின் விண்வெளி ஆய்வும் இம்முறையுடனேயே தொடங்கியது. 1963 நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்ட அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி ஏவூர்தி, பிரான்சு வழங்கிய சோடிய ஆவிக் கருவியைச் சுமந்து சென்றது. காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருந்ததே தும்பா தேர்ந்தெடுக்கப்படக் காரணம்.

2012 மார்ச் 27 அன்று நாசா, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தளத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் ஐந்து ஏவூர்திகளைச் செலுத்தி, டிரைமெத்தில் அலுமினியத் தடங்களைப் பரந்த பரப்பில் உருவாக்கியது.

கண்டறிந்தவை

* ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்துக்குக் கீழே தடம் கொந்தளிப்பால் முறுக்கிச் சிதைகிறது. அதற்கு மேலே சீராகப் பரவி அகல்கிறது. கொந்தளிப்புக் கலப்பு முடிவுறும் எல்லையை இது கண்ணுக்குப் புலப்படுத்தியது.
* நாற்பது ஆண்டுகளில் பெறப்பட்ட 400க்கும் மேற்பட்ட அளவீடுகளை மிகெல் லார்சன் 2002இல் தொகுத்து ஆராய்ந்தார். 100 முதல் 110 கி.மீ. வரையான உயரங்களில் நொடிக்கு 100 மீட்டரை மிஞ்சும் காற்று அடிக்கடி வீசுவது இதனால் உறுதியானது.
* சில கி.மீ. உயர வேறுபாட்டிலேயே காற்றின் திசை பெரிதும் மாறுகிறது. இம்மாற்றம் அயனிகளை மெல்லிய அடுக்குகளாகத் திரட்டி, வானொலி அலைகளின் பரவலைப் பாதிக்கிறது.

வரம்புகள்

ஓர் ஏவுதலில் சில நிமிட அளவீடே கிடைக்கும். எல்லா ஒளிப்பட நிலையங்களிலும் வானம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால், 2017 சூன் 29 அன்று வாலப்ஸில் நிகழ்ந்த ஏவுதல் அதற்கு முன் பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. எரிவிண்மீன் ரேடார்களும் செயற்கைக்கோள்களும் தொடர்ச்சியான அளவீடுகளைத் தருகின்றன. எனினும் அவற்றின் அளவீடுகள் பரந்த பரப்பின் அல்லது நீண்ட நேரத்தின் சராசரியாகவே அமைகின்றன. உயரத்தோடு சட்டென மாறும் காற்றை நுணுக்கமாக அறிவதற்கு ஆவித் தடங்கள் இன்றும் பயன்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* அயனி மண்டலம்
* தும்பா ஏவூர்தி ஏவுதளம்
* ஆய்வு ஏவூர்தி