தக்கைப்பூண்டும் மணிலா அகத்தியும்

நெல்வயலில் வளர்த்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழப்படும் இரு பசுந்தாள் உரச் செடிகள். இரண்டும் அகத்தியின் பேரினமான செஸ்பானியாவைச் சேர்ந்தவை. கடலூர் மாவட்டத்தில், பெண்ணாடத்தை ஒட்டிய வெள்ளாற்றுப் பாசனத்திலும் சிதம்பரம் பக்கத்து வீராணம் ஆயக்கட்டிலும் சம்பா நடவுக்கு முன் விதைக்க ஏற்றவை.

தக்கைப்பூண்டு இந்நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. அதன் அறிவியற்பெயர் மட்டும் தீராத வழக்கு. 1876இல் 'பிரித்தானிய இந்தியத் தாவரங்கள்' நூல் அதை 'அக்குலியேட்டா' என்று கொண்டு, 'கன்னாபினா'வை அதன் உட்பிரிவாக்கியது. பின்வந்தோர் முன்னதை 'பிஸ்பினோசா'வுடன் இணைத்து, பின்னதைத் தனி இனமாக்கினர். விதை மூட்டையில் வருவது எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் கலந்திருக்கவும் கூடும்.

மணிலா அகத்தி (ரோஸ்ட்ரேட்டா) ஆப்பிரிக்காவுக்கு உரியது. 1935இல் பெயரிடப்பட்டது. 1981இல் செனகலில் ஆய்வு செய்த ட்ரேஃபுஸ், டோமெர்க் இருவரும் வெளியிட்ட செய்திதான் அதை உலகறியச் செய்தது: இச்செடிக்கு வேரில் மட்டுமன்றித் தண்டிலும் தழைச்சத்து முடிச்சுகள் உண்டு. தண்டில் வரிசை வரிசையாக உறங்கும் வேர்முளைகள் இருக்கின்றன. அவை பட்டையைக் கீறி எட்டிப்பார்க்கும் இடத்தில் நுண்ணுயிர் நுழைய, அங்கே முடிச்சு திரளுகிறது. அம்முடிச்சுகளில் பச்சையமும் உண்டு. வயலில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் நீருக்கு மேலுள்ள தண்டு தழைச்சத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்த நுண்ணுயிருக்கு 1988இல் அசோரைசோபியம் காலினோடன்ஸ் எனப் பெயரிட்டனர். 2008இல் அதன் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் இச்செடியை நெல்லுக்காக விரிவாகச் சோதித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பசுந்தாள் உரப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

வயலில் பிரித்தறிவது எளிது. தக்கைப்பூண்டின் தண்டில் சிறு முட்கள் உண்டு, முடிச்சு இராது. மணிலா அகத்தியின் தண்டைத் தடவினாலே முடிச்சுகள் விரலில் நெருடும். முன்னது உவர், களர் நிலத்தையும் தாங்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45 நாளில் மடக்கி உழலாம். பின்னது பகல் நீண்ட கோடையில்தான் செழிக்கும். ஆடி கழிந்து விதைத்தால் வளருமுன்னே பூத்துவிடும். விதைத்தோல் கடினமானதால் கந்தக அமிலத்தில் நேர்த்தி செய்தால்தான் நன்கு முளைக்கும். ஆய்வாளர் கொண்டாடிய அளவுக்கு அது வயலில் பரவாததற்கு இவை காரணமாகலாம்.

தமிழ்நாட்டின் 2024–25 வேளாண் நிதிநிலை அறிக்கையில், மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தின்கீழ் 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாள் உரப் பயிருக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.