தட்டம்மையும் அந்தமான் தீவுகளும்

கோடை பிறந்ததும் மணல்வாரி என்னும் தட்டம்மை சிறுவரைத் தேடி வருவது நம் ஊர்களில் வழக்கமாயிருந்தது. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். ஒருமுறை வந்தவர்க்கு மறுமுறை வாராது. ஆதலால் பெரியோர் அதற்கு அஞ்சியதில்லை.

அந்தமானில் நிலைமை வேறு. இந்நோய் ஓரிடத்தில் நிலைத்திருக்க ஆண்டுதோறும் பிறக்கும் பல்லாயிரம் குழவிகள் வேண்டும். சில ஆயிரம் பேரே வாழ்ந்த தீவுகளில் அது தங்க இயலாது. எனவே அங்கே நரைத்தவரும் அந்நோய்க்குக் குழந்தையே.

1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவினர். 1863-இல் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றைத் திறந்து, தொல்குடியினரை அழைத்து உணவளித்தனர். பின்னர் இல்லங்கள் பெருகின. பரிவின் பெயரால் அமைந்த அவ்வில்லங்களே நோய்க்கு வாயில்களாயின என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 1877-இல் தட்டம்மை நுழைந்தது. வந்துபோனோர் வழியே காடெங்கும் பரவிற்று. பேரந்தமானியரில் பாதிப்பேர், ஒருவேளை மூன்றில் இரு பங்கினர், மாண்டிருக்கலாம் என்று எழுதினார், அம்மக்களுக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி போர்ட்மன். தாயும் தந்தையும் ஒருங்கே படுத்துவிட்டால், குழந்தைக்கு நீர் கொடுப்பார் யார்? 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்த பேரந்தமானியர் 625 பேர். 1961-இல் 19 பேர்.

1999-இல் அதே தட்டம்மை ஜாரவா மக்களிடையே தோன்றியது. இம்முறை மருத்துவர் முந்திக்கொண்டனர். நோயுற்றோரில் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்கி, குணமடைந்து, காடு திரும்பினர்.